ஃபால்ஸ் சீலிங் விளக்குகள்: பலகை மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டு நகர வீடுகளின் கூடத்திலும் படுக்கையறையிலும் சுவரில் நீளவாக்கில் பொருத்தப்பட்டிருந்த டியூப்லைட்டின் இடத்தை, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், கூரையோடு சமமாகப் பதிந்திருக்கும் சிறிய வட்ட, சதுர விளக்குகள் பெருமளவு எடுத்துக்கொண்டன. டவுன்லைட் என்றும் கன்சீல்டு லைட் என்றும் வெறுமனே சீலிங் லைட் என்றும் வழங்கப்படும் இவ்விளக்குகளில் ஒளிரும் முகப்பு மட்டுமே கீழே தெரிகிறது. விளக்கின் உடற்பகுதி, வீட்டு மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றவாறு மாற்றித்தரும் டிரைவர் என்னும் சிறு பெட்டி, வயர்கள், அவற்றின் இணைப்புகள் ஆகிய அனைத்தும், தளத்துக்குக் கீழே தொங்கும் ஃபால்ஸ் சீலிங் பலகைக்கு மேலுள்ள இடைவெளிக்குள் மறைந்துவிடுகின்றன. சுவரிலிருந்த டியூப்லைட்டின் பட்டி சூடேறினாலும் சோக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்தாலும் வீட்டார் உடனே அறிந்து சுவிட்சை அணைத்துவிட முடிந்தது. கூரைக்குள் தோன்றும் பழுதோ, விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்போதே மாதக்கணக்கில் வெளித்தெரியாமல் வளரக்கூடியது. ஆகவே இவ்விளக்குகளின் பாதுகாப்பு, ஜிப்சம் பலகையைத் திருகி மூடுவதற்கு முந்தைய சில நாட்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில் வீட்டுக்காரர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வெப்பம்: பழைய ஆபத்தும் புதிய ஆபத்தும்

கூரைக்குள் பதியும் விளக்குகளைப் பற்றி உலவும் எச்சரிக்கைகளில் பல, ஹாலஜன் பல்புகளின் காலத்தில் பிறந்தவை. ஹாலஜன் என்பது டங்ஸ்டன் இழையைச் சிறிய குவார்ட்ஸ் குமிழுக்குள் அடைத்து மிகுந்த வெப்பத்தில் ஒளிரச் செய்யும் பல்பு. அதற்குள் செல்லும் மின்னாற்றலில் பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகவே வெளியேறுவதால், 50 வாட் பல்பின் குமிழ் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் மரச்சட்டக் கூரை கொண்ட வீடுகளில் குளிரைத் தடுப்பதற்காகக் கூரைமேல் பரப்பப்படும் பஞ்சு போன்ற காப்புப்பொருள், இத்தகைய விளக்குகளின் மீது படிந்தால் வெப்பம் வெளியேற வழியின்றித் தீப்பற்றும் நிலை இருந்தது. காப்புப்பொருள் தொடலாமா கூடாதா என்பதை விளக்கின் மீதே குறிப்பது, வெப்பம் மிகுந்தால் தானாக அணையும் அமைப்பை வைப்பது ஆகிய நடைமுறைகள் அந்நாடுகளில் வேரூன்றியதன் பின்னணி இதுதான்.

எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் நிலைமை பெரிதும் மாறியது. வெள்ளொளி தரும் எல்.இ.டி.க்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் இந்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்புகளின் விலையை நடுத்தர, ஏழை வீடுகளின் கைக்கு எட்டும் அளவுக்குக் கொண்டுவர உதவியது. முன்பு 50 வாட் ஹாலஜன் செய்த வேலையை இன்று ஏழெட்டு வாட் எல்.இ.டி. செய்துவிடுவதால், விளக்கு எடுக்கும் மின்னாற்றல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்குக் குறைந்து, அதோடு வெப்பமும் பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் எல்.இ.டி. சூடே ஆகாது என்ற எண்ணம் தவறானது. அது ஹாலஜனைப் போல வெப்பத்தை ஒளியோடு சேர்த்துக் கீழே வீசாமல், முதுகுப்புறத்திலுள்ள அலுமினியத் தகட்டின் வழியாகப் பலகைக்கு மேலுள்ள இடைவெளிக்குள்தான் விடுகிறது.

தமிழ்நாட்டில் கூரை பெரும்பாலும் கான்கிரீட்டால் ஆனது. ஜிப்சம் பலகையும் எளிதில் எரியாது, ஏனெனில் ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதன் படிகத்தோடு பிணைந்த நீராகும், தீ படும்போது அந்நீர் ஆவியாகி வெளியேறும்வரை பலகையின் பின்புறம் அதிகம் சூடேறுவதில்லை. எரியக்கூடியவை வேறு வழியில் உள்ளே நுழைகின்றன. மொட்டைமாடிச் சூட்டைத் தடுக்கவென்று பலகைமேல் அடுக்கும் தெர்மோகோல் தாள்கள், அலங்காரத்துக்காகச் சேர்க்கும் பிளைவுட், குளியலறைக் கூரைக்குப் போடும் பி.வி.சி. பட்டைகள் ஆகியவை அத்தகையவை. இவற்றில் எதுவும் விளக்கின் முதுகையோ டிரைவரையோ தொடாதபடி, தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் இடைவெளியை நாற்புறமும் மேலேயும் விட வேண்டும். தெர்மோகோலை விளக்கின்மேல் வைத்து மூடுவதை எக்காரணத்தைக் கொண்டும் அனுமதிக்கக் கூடாது.

கான்கிரீட் தளமா, தொங்கும் பலகையா

விளக்கைக் கூரைக்குள் பதிக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, வீடு கட்டும்போதே செய்வது: சென்ட்ரிங் தகடுகளின் மீது கம்பி கட்டும் கட்டத்தில், விளக்கு வரவேண்டிய இடங்களில் ஆழமான கன்சீல்டு பெட்டிகளை வைத்து, அவற்றுக்கிடையே பி.வி.சி. பைப்புகளை ஓட்டி, அதன்மேல் கான்கிரீட் போடுவது. இம்முறையில் பெட்டிக்குள் கான்கிரீட் பால் புகாமல் வாயை அடைக்க வேண்டும், பைப்பும் பெட்டியும் சேரும் இடம் அசையாதபடி ஒட்ட வேண்டும், பைப்புகள் ஒரே இடத்தில் கற்றையாகக் குவிந்து தளத்தின் கனத்தைக் குறைக்காதபடி பிரித்து ஓட்ட வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு இவற்றில் எதையும் திருத்த முடியாது.

கட்டி முடித்த தளத்தில் பின்னாளில் பள்ளம் வெட்டி விளக்கைப் பதிப்பது செய்யவே கூடாத வேலையாகும். வீட்டுத் தளங்களின் கனம் பொதுவாக நான்கரை முதல் ஐந்து அங்குலம். அதன் அடிப்பக்கத்தில் 20 மில்லிமீட்டர் அளவிலான கவரிங் எனப்படும் கான்கிரீட் பூச்சுக்கு உடனடியாக மேலே, தளத்தின் இழுவிசையைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் ஓடுகின்றன. இரண்டங்குல ஆழத்துக்கு வெட்டும் எவரும் அக்கம்பிகளை அறுப்பார் அல்லது அவற்றைக் காற்றும் ஈரமும் படும்படி திறந்துவிடுவார். திறந்த கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது சுற்றியுள்ள கான்கிரீட் பெயர்ந்து விழும். ஃபால்ஸ் சீலிங் இல்லாத பழைய வீட்டில் இவ்வகை ஒளி வேண்டுமென்றால், தளத்தின் மீதே திருகக்கூடிய சர்ஃபேஸ் விளக்கை வாங்குவதே முறை.

இரண்டாவது வழி ஜிப்சம் பலகையாலான ஃபால்ஸ் சீலிங். துத்தநாகம் பூசிய தகரச் சட்டங்களை ஜி.ஐ. சட்டம் என்பர், சுவரை ஒட்டி ஓடும் பெரிமீட்டர் சானல், தளத்திலிருந்து தொங்கும் இன்டர்மீடியட் சானல், அதற்குக் குறுக்கே ஓடிப் பலகையை நேரடியாகத் தாங்கும் சீலிங் செக்‌ஷன் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அதன் எலும்புக்கூடு. இன்டர்மீடியட் சானல்கள் வழக்கமாக 1220 மில்லிமீட்டர் இடைவெளியிலும், சீலிங் செக்‌ஷன்கள் 457 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி இடைவெளியிலும் வருகின்றன. பலகை ஏறிவிட்டால் இச்சட்டங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அவை ஓடும் கோடுகளைச் சுவரில் பென்சிலால் குறித்துவைப்பது நல்லது. குறிக்காவிட்டால், ஓட்டை போடும் ஹோல் சா நேராகச் சட்டத்தில் இறங்குவதும், இடம் போதவில்லையென்று சட்டத்தை அறுத்துவிட்டு மேலே வயரால் கட்டிவிடுவதும் நேர்கின்றன. விளக்கை ஓரிரு அங்குலம் நகர்த்துவது எப்போதும் சாத்தியம். அறுந்த சட்டமோ நாளடைவில் பலகையைத் தொய்ய வைக்கும். மின்விசிறியும் கனமான சரவிளக்கும் தளத்திலுள்ள கொக்கியிலிருந்தே தொங்க வேண்டும். பலகையும் அதன் சட்டமும் அவற்றின் எடைக்கும் அதிர்வுக்கும் வடிவமைக்கப்பட்டவையல்ல.

எத்தனை விளக்கு, எங்கே

விளக்குகளின் எண்ணிக்கையைக் கணக்கிடாமல் அழகுக்காக அடுக்குவதே இன்று பரவலான பழக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு கூடுதல் விளக்கும் ஒரு கூடுதல் ஓட்டை, ஒரு கூடுதல் டிரைவர், சில கூடுதல் இணைப்புகள் என்பதால் இது பாதுகாப்போடும் தொடர்புடையது. ஒரு விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லூமென் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமென் விழுகிறது என்பதை லக்ஸ் என்றும் அளக்கிறார்கள். வீட்டின் பொதுவான புழக்கத்துக்கு 100 முதல் 150 லக்ஸ் வரையும், படிப்பது, காய்கறி நறுக்குவது போன்ற கண் வேலைகளுக்கு அந்த இடத்தில் மட்டும் 300 லக்ஸ் அளவிலும் ஒளி இருந்தால் போதும்.

பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். 150 லக்ஸுக்கு 1650 லூமென் தரையளவில் தேவை. விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் சுவரும் தூசியும் விழுங்கியது போக ஏறத்தாழ 60 சதவீதமே பயன்படும் என்று கொண்டால், விளக்குகள் சேர்ந்து 2750 லூமென் தர வேண்டும். வாட்டுக்கு 90 லூமென் தரும் 8 வாட் விளக்கு 720 லூமென் தருவதால், நான்கு விளக்குகளே அவ்வறைக்குப் போதுமானவை. எட்டும் பத்தும் வைக்கப்படும் அறைகளில் கண் கூசுவதுதான் மிச்சம்.

இடத்தைக் குறிப்பதற்கும் எளிய விதி உண்டு: இரண்டு விளக்குகளுக்கு இடையே எவ்வளவு தூரமோ அதில் பாதியைச் சுவரிலிருந்து விட வேண்டும். மேற்சொன்ன அறையில் நீளவாக்கில் சுவரிலிருந்து மூன்றடி, பிறகு ஆறடி, பிறகு மூன்றடி. அகலவாக்கில் இரண்டரை, ஐந்து, இரண்டரை. இவ்வாறு வைக்கும்போது நான்கு விளக்குகளும் நடுவிலுள்ள விசிறியிலிருந்து ஏறக்குறைய நான்கடி விலகி நிற்கின்றன. 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி தூரம் வீசும். அந்த வட்டத்துக்கு மேலேயோ ஓரத்திலோ விளக்கு அமைந்துவிட்டால், சுழலும் இறக்கை ஒளியை விநாடிக்குப் பலமுறை மறித்து அறை முழுவதும் நிழல் துடிக்கும். இதனால் தலைவலி வருவோர் உண்டு. விசிறி நாள் முழுதும் சுழலும் நம் ஊர் வீடுகளில் இதைத் தவறவிடக் கூடாது.

வயரும் இணைப்பும் எர்த்தும்

இந்திய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரும், அதைக் காக்க 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் பொதுவாகப் பயன்படுகின்றன, எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் தானாக விழுந்து சுற்றைத் துண்டிக்கும் விசை. ஒரு விளக்குச் சுற்றில் பத்துப் புள்ளிகளுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ ஏற்றக்கூடாது என்பது இந்தியாவில் நெடுநாளாகக் கடைப்பிடிக்கப்படும் வரையறை. வயர் வாங்கும்போது ஐ.எஸ். 694 என்ற தரக்குறி உறையிலேயே அச்சிடப்பட்டிருப்பதையும், எஃப்.ஆர்.எல்.எஸ். வகையாக, அதாவது தீ எளிதில் பரவாததும் எரிந்தாலும் குறைந்த புகையே விடுவதுமான வகையாக இருப்பதையும் பார்க்க வேண்டும். மூடிய இடைவெளியில் தீயைவிடப் புகையே முதலில் உயிரை வாங்குகிறது.

கூரைக்குள் அடிக்கடி காணப்படும் குறைகளில் முதலாவது, முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. வயர் முனைகளை உரித்து, கையால் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, பலகைமேல் அப்படியே போட்டுவிடுவது விரைவான வேலைதான். ஆனால் கோடைவெப்பத்தில் டேப்பின் பசை உலர்ந்து சுற்று பிரியத் தொடங்கும்; முறுக்கிய செம்பு மேற்பரப்பில் கறுத்து, பிடிமானம் தளர்ந்து, மின்தடை கூடும். எட்டு வாட் விளக்கு மட்டும் அவ்விணைப்பில் இருந்தால் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் பெரிய சூடு எழாது; எனினும் அதே வயரிலிருந்து பக்கத்து விசிறிக்கோ பிளக் பாயின்டுக்கோ லூப் எடுத்திருந்தால், தளர்ந்த இணைப்பு வழியே கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து அது பொறி விடும் இடமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு இணைப்பும் திருகுக் கனெக்டரிலோ, நெம்பினால் பிடித்துக்கொள்ளும் லீவர் கனெக்டரிலோ செய்யப்பட்டு, மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள் இருக்க வேண்டும்; பெட்டிகளுக்கு இடையே வயர் பைப்புக்குள் ஓட வேண்டும். பைப்பு, எலியிடமிருந்தும் வயரைக் காப்பாற்றுகிறது.

இரண்டாவது குறை, திருகு இறங்கிய வயர். பலகையைச் சட்டத்தோடு இணைக்கும் 25 மில்லிமீட்டர் திருகுகள் 12.5 மில்லிமீட்டர் பலகையைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும்; சட்டத்தின் மீது வயர் கிடந்தால் திருகு அதன் உறையைக் குத்தி, பேஸ் வயரைச் சட்டத்தோடு சேர்த்துவிடும். அப்போது விளக்கு வழக்கம்போல எரியும், எம்.சி.பி. விழாது, அறை முழுவதும் ஓடும் ஜி.ஐ. சட்டம் மட்டும் 230 வோல்ட்டைத் தாங்கி நிற்கும். எம்.சி.பி. இதை ஏன் கவனிப்பதில்லை என்பதற்கு ஒரு கணக்கு போதும்: எட்டு வாட் விளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 35 முதல் 40 மில்லி ஆம்பியர், அவ்வளவு மின்னோட்டம் மனித உடலின் வழியே நீடித்துப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது தன் அளவில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. அது வயரைக் காக்கும் கருவியே தவிர, ஆளைக் காக்கும் கருவி அன்று.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் துண்டிப்பான். பேஸ் வயரில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால், போன மின்சாரம் வேறு எங்கோ கசிகிறது என்று கொண்டு நொடியின் சிறு பகுதிக்குள் சுற்றைத் துண்டித்துவிடும். அதன் முகப்பிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்ப்பது வீட்டார் தாமே செய்யக்கூடிய பரிசோதனை. ஆர்.சி.சி.பி. இருந்தாலும் எர்த் வயர் தேவையே. உலோக உடல் கொண்ட விளக்குகளுக்குப் பச்சை வயர் ஒவ்வொரு புள்ளிக்கும் வந்து சேர வேண்டும். விளக்குக்கு இரண்டு வயர் போதும் என்று பேஸையும் நியூட்ரலையும் மட்டும் இழுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது. சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி பொறித்த விளக்குகள் இரட்டைக் காப்பு உடையவை என்பதால் அவற்றுக்கு எர்த் தேவையில்லை; ஆனால் நாளை அவ்விடத்தில் எந்த விளக்கு வரும் என்று இன்று சொல்ல இயலாது என்பதால், பச்சை வயரை எல்லாப் புள்ளிக்கும் இழுத்துவைப்பதே அறிவுடைமை.

சுவிட்ச் எந்த வயரைத் துண்டிக்கிறது என்பதும் முக்கியம். சுவிட்ச் பேஸில் இருக்க வேண்டும். தவறிப்போய் நியூட்ரலில் அமைந்துவிட்டால், அணைத்த பின்னும் விளக்கிலும் டிரைவரிலும் மின்சாரம் நிற்கும், சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை வைப்பவர் தாக்கப்படுவார். அணைத்த பிறகும் இருட்டில் எல்.இ.டி. மங்கலாக மினுங்கினால் அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்றாலும், முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

டிரைவர் என்னும் சிறு பெட்டி

எல்.இ.டி. நேரடியாக 230 வோல்ட்டில் எரிவதில்லை. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, குறித்த மின்னோட்டத்தை மட்டும் விடும் டிரைவர் அதற்கு முன்னால் நிற்கிறது. மலிவான டிரைவர்களில் சில, உள்வரும் மின்சாரத்தையும் வெளிச்செல்லும் மின்சாரத்தையும் மின்மாற்றிச் சுருளால் பிரிக்காதவை. அவற்றின் விளக்குப் பக்க வயரைத் தொட்டாலும் வீட்டு மின்சாரத்தைத் தொட்டதற்கு ஒப்பாகும். பிரித்துவைக்கப்பட்ட ஐசோலேட்டட் வகையைக் கேட்டு வாங்குவதும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் பெட்டிமீது ஆர் என்னும் ஆங்கில எழுத்தோடு அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் கடையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்.

விளக்கு கெட்டுவிட்டது என்று வீட்டார் சொல்லும்போது பெரும்பாலும் கெட்டிருப்பது டிரைவரே. அதற்குள்ளிருக்கும் மின்பகுளிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுவியலில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள அறைகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் தளமே மாலைவரை அனலை இறக்கிக்கொண்டிருக்க, அதற்கும் பலகைக்கும் இடையிலுள்ள காற்று அறையைவிடச் சூடாக இருக்கும். அங்கே டிரைவரை விளக்கின் முதுகின்மீதே வைத்தால் இரண்டின் வெப்பமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். வயர் நீளம் அனுமதிக்கும் அளவுக்கு அதை ஓரடி தள்ளி, சட்டத்தின் பக்கவாட்டில் டையால் கட்டி நிறுத்த வேண்டும். விளக்கின் ஓட்டை வழியே கையை விட்டு அதை வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால், பின்னாளில் ஒரு டிரைவரை மாற்றப் பலகையையே வெட்ட நேரும்.

வேலை நடக்கும் நாள்

இவ்வேலை மின்பணி உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடமோ, தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடமோ ஒப்படைக்க வேண்டியது. ஆயினும் வேலை தொடங்குமுன் மின்சாரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதை வீட்டுக்காரரும் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் வீட்டில் எது எங்கே இணைக்கப்பட்டுள்ளது என்பது அவருக்கே தெரியும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதில் நேரும் பெரிய தவறு இன்வெர்ட்டர் பற்றியது. மெயின் சுவிட்சை அணைத்தவுடன், மின்வெட்டு வந்துவிட்டது என்று கொண்டு இன்வெர்ட்டர் அடுத்த கணமே பேட்டரியிலிருந்து மின்சாரத்தை அனுப்பத் தொடங்கும். கூடத்து விளக்குகளும் விசிறிகளும் பெரும்பாலும் அதில்தான் இணைக்கப்பட்டிருக்கும். மாறாக, இன்வெர்ட்டரின் முன்பக்கப் பொத்தானை மட்டும் அணைத்தால், பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் பேட்டரி வழி மட்டுமே நிற்கும், மெயின் மின்சாரம் அதன் வழியாக விளக்குகளுக்குத் தொடர்ந்து பாயும். எனவே இரண்டையும் அணைக்க வேண்டும். அணைத்த மெயினில் யாரும் கை வைக்காதபடி ஓர் அறிவிப்பை ஒட்டி, முடிந்தால் பூட்டவும் வேண்டும்.

அதன்பின் சோதிக்க வேண்டும். சட்டைப்பையிலிருக்கும் நியான் டெஸ்டர் இதற்குப் போதாது. அது சோதிப்பவரின் உடல்வழியே தரைக்குச் செல்லும் நுண்ணிய மின்னோட்டத்தால் ஒளிர்வதால், மர ஏணியில் நிற்கும்போதும் பகல் வெளிச்சத்திலும் ஒளிராததுபோல் தோன்றும். மல்டிமீட்டரையோ இருமுனை டெஸ்ட் லாம்ப்பையோ முதலில் மின்சாரம் உள்ளதென்று தெரிந்த புள்ளியில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் புள்ளியில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே மாற்றி மாற்றிப் பார்த்து, மறுபடி தெரிந்த புள்ளியில் கருவி வேலை செய்வதை உறுதிசெய்வதே முறையான சோதனை. அலுமினிய ஏணி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மரம் அல்லது ஃபைபர் ஏணியும், அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் தேவை. ஜிப்சம் தூள் நேராக முகத்தில் கொட்டும் வேலை இது என்பதால் கண்ணாடியும் முகக்கவசமும் வேண்டும். விளக்கின் இருபுறமுள்ள ஸ்பிரிங் கிளிப்புகள் விரலைப் பலமாக நசுக்கக்கூடியவை என்பதால், அவற்றை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தபடி ஓட்டைக்குள் செலுத்த வேண்டும்.

ஈரம் வரும் இடங்கள்

குளியலறைக்கு ஐ.பி. எண் பார்த்து விளக்கு வாங்க வேண்டும். ஐ.பி. என்னும் குறிக்குப் பின்வரும் இரு இலக்கங்களில் முதலாவது தூசு புகாத்தன்மையையும் இரண்டாவது நீர் புகாத்தன்மையையும் குறிக்கும். ஷவருக்கு மேலே ஐ.பி. 65-உம், வாஷ்பேசின் பக்கம் ஐ.பி. 44-உம் ஏற்றவை, அறைகளுக்கு வாங்கும் ஐ.பி. 20 அங்கே உதவாது. சமையலறையில் அடுப்புக்கு நேர்மேலே விளக்கு வைப்பதைத் தவிர்த்தால் எண்ணெய்ப் புகையும் ஆவியும் அதற்குள் படிவதைத் தடுக்கலாம். அடுக்குமாடிகளில் மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழேயும், மொட்டைமாடிக்குக் கீழேயும் தளத்தில் கசிவின் கறை இருந்தால், முதலில் கசிவை நிறுத்திக் கறை காய்ந்தபிறகே ஃபால்ஸ் சீலிங் போட வேண்டும். பலகை கறையை மறைக்கும். நீரோ இறங்குவதற்கு எளிய வழியாக விளக்கின் ஓட்டையைக் கண்டுகொள்ளும். விளக்கின் விளிம்பில் பழுப்புநிற வளையம் தெரிந்தால், அச்சுற்றின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு ஆளை அழைக்க வேண்டும்.

மூடுவதற்கு முன்

வயர் இழுத்து முடிந்ததும், டிரைவர்களை இணைப்பதற்கு முன், மெகர் என்னும் கருவியால் வயர்களின் காப்பைச் சோதிக்கும்படி வயர்மேனிடம் கேட்க வேண்டும். 500 வோல்ட் நேர்மின்சாரத்தை வயர்களுக்கிடையே செலுத்தி, அவற்றின் காப்புத்தடை ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அது காட்டும். பலகை திருகிய பிறகு, டிரைவர்களை இணைப்பதற்கு முன், வயர்களுக்கும் ஜி.ஐ. சட்டத்துக்கும் இடையே இரண்டாம் முறை சோதித்தால் வயரில் இறங்கிய திருகையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். பலகை ஏறுமுன் ஒவ்வொரு அறையின் கூரையையும், அளவுநாடாவை விரித்துவைத்து, நாற்புறச் சுவரும் தெரியும்படி கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வரும் வயர்மேனுக்கும் துளையிட வரும் தச்சருக்கும் அப்படங்களே வரைபடம்.

ஃபால்ஸ் சீலிங் ஒப்பந்தக்காரரும் எலக்ட்ரீஷியனும் தனித்தனி ஆட்களாக இருக்கும் வீடுகளில், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க விரும்பாததால் சோதனை எதுவும் நடக்காமலே பலகை ஏறிவிடுகிறது. அதைத் தடுக்கக்கூடியவர் வீட்டுக்காரர் ஒருவரே. வீடு கட்டுவோரும் புதுப்பிப்போரும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இல்லை, எல்லாப் புள்ளிக்கும் பச்சை வயர் வந்திருக்கிறது, ஆர்.சி.சி.பி. பொத்தானை அழுத்தினால் விழுகிறது, மெகர் சோதனை முடிந்தது என்ற நான்கையும் தம் கண்ணால் காணும்வரை பலகையைத் திருக அனுமதிக்க வேண்டாம். அதற்காக வேலை ஒருநாள் தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும்.